அகப்பக்கம் இருக்கிறது, அழைப்பு வரவில்லை: சொத்து முகவர்கள் கவனிக்க வேண்டியவை

வீடு, நிலம் வாங்கி விற்கும் முகவர் தொழிலில் நம் இளைஞர்கள் பலர் இறங்கியிருக்கின்றனர். கிள்ளான், சிரம்பான், ஈப்போ, சுங்கைப்பட்டாணி என எந்தப் பட்டணத்திற்குப் போனாலும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு தம்பியையோ தங்கையையோ பார்க்கலாம். இவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விற்றால்தான் வருமானம்.

இரண்டாம் கை வீட்டு விற்பனையில் முகவர் நிறுவனம் வாங்கக்கூடிய கட்டணம் விற்பனை விலையில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 3 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வீடு என்றால் அதிகபட்சம் 10,500 வெள்ளி. அதையும் நிறுவனத்தோடு பங்கு போட வேண்டும். வாங்குபவரைக் கொண்டு வந்த இன்னொரு முகவர் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போகும். ஆக, தவறவிடும் ஒவ்வொரு விசாரிப்பும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவைப் பாதிக்கும்.

இதற்காகவே பலர் காசு கொடுத்து சொந்த அகப்பக்கம் செய்து வைத்திருக்கின்றனர். ஆனால் அழைப்பு வருவதில்லை. காரணம் என்ன? வீடு தேடுபவரின் இடத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொன்றாகப் புரியும்.

சொந்த அகப்பக்கம் எதற்கு?

புரோப்பர்ட்டிகுரு, ஐபுரோப்பர்ட்டி, மூடா போன்ற தளங்களில் விளம்பரம் போடுகிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். அந்தத் தளங்கள் தேவைதான். ஆனால் அங்கே ஒரே அடுக்குமாடியின் வீடுகளைப் பல முகவர்கள் வரிசையாகப் போட்டிருப்பர். பார்ப்பவர் விலையை மட்டும் ஒப்பிட்டு நகர்ந்துவிடுவார். சந்தா முடிந்தால் விளம்பரமும் மறைந்துவிடும்.

சொந்த அகப்பக்கத்தில் நீங்கள் எழுதி வைத்த தகவல் நிலைக்கும். அங்கே வருபவர் உங்களை மட்டுமே பார்க்கிறார். அந்தச் சில நிமிடங்களில் அவருக்கு நம்பிக்கை பிறந்தால் அழைப்பார்.

முதலில் நம்பிக்கை

முன்பணம் கட்டி ஏமாந்த கதை கேட்காத குடும்பம் நம்மிடையே குறைவு. தோட்டத்தில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தையும் ஊழியர் சேமநிதிப் பணத்தையும் வைத்து முதல் வீடு வாங்க வருபவர் பயத்தோடுதான் வருவார். அந்தப் பயத்தைப் போக்குவது முகப்புப் பக்கத்தின் முதல் வேலை.

மலேசியாவில் சொத்து முகவர் தொழில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் 242இன் கீழ் வருகிறது. முகவர் சார்பில் வீடு காட்டிப் பேசுபவரை 'ரென்' என்கிறோம். அவர் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் கீழ்தான் வேலை செய்ய முடியும். எனவே உங்கள் படம், ரென் எண், நிறுவனத்தின் முழுப்பெயர், அதன் பதிவு எண் ஆகிய நான்கும் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். வாரியத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம் என்ற குறிப்பையும், அதற்கான இணைப்பையும் கீழே கொடுங்கள்.

இன்னொரு வரியும் அவசியம்: 'முன்பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், என் சொந்தக் கணக்கில் வேண்டாம்.' இந்த ஒரு வரி, பத்து வாழ்த்துரைகளைவிட அதிகம் பேசும்.

கைப்பேசியில் திறக்கிறதா?

பெரும்பாலானோர் கைப்பேசியில்தான் வீடு தேடுகின்றனர். அதுவும் வேலை முடிந்து பேருந்தில் வரும்போதோ, அலைவரிசை சரியாகக் கிடைக்காத தோட்டப்புற வீட்டிலோ பார்ப்பார்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டிற்கு 15 படங்களை அப்படியே ஏற்றினால் 60 மெகாபைட் ஆகிவிடும். பக்கம் திறக்கும் முன்பே ஆள் போய்விடுவார்.

படங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றையும் 200 கிலோபைட் அளவிற்குள் கொண்டு வாருங்கள். சிறிய திரையில் வித்தியாசம் தெரியாது. கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எது தாமதப்படுத்துகிறது என்று காட்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். முகப்பில் ஓடும் காணொளியையும் தானாக ஒலிக்கும் இசையையும் எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

'மொத்தம் எவ்வளவு வேணும், தம்பி?'

வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலான அகப்பக்கங்களில் இதற்குப் பதில் இருக்காது. 'அழகான வீடு, அரிய வாய்ப்பு, உடனே அழையுங்கள்' என்றுதான் இருக்கும்.

ஒரு கணக்கை எழுதிக் காட்டுங்கள். 3 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வீடு, 90 விழுக்காடு வங்கிக் கடன் என்று வைத்துக்கொள்வோம். கைப்பணம் 10 விழுக்காடு, அதாவது 35,000 வெள்ளி. பெயர் மாற்றத்திற்கான முத்திரை வரி முதல் ஒரு லட்சத்திற்கு 1 விழுக்காடு, அடுத்த நான்கு லட்சம் வரை 2 விழுக்காடு. ஆக 1,000 கூட்டல் 5,000, மொத்தம் 6,000 வெள்ளி. கடன் ஒப்பந்தத்தின் முத்திரை வரி 0.5 விழுக்காடு, 3 லட்சத்து 15 ஆயிரத்திற்கு 1,575 வெள்ளி. இந்த மூன்றும் சேர்ந்து 42,575 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் தனி.

முதல் வீடு வாங்கும் மலேசியர்களுக்கு 5 லட்சம் வெள்ளி வரையிலான வீட்டிற்கு முத்திரை வரி விலக்கு உண்டு. ஆனால் அது காலக்கெடுவோடு அறிவிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு வரும் சலுகை. எனவே எந்தத் தேதியில் எழுதப்பட்ட கணக்கு என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள். வரவு செலவுத் திட்டம் வரும்போதெல்லாம் திருத்துங்கள்.

வீட்டு விவரத்திலும் மறைக்கக்கூடாதவை சில உண்டு. நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? பூமிபுத்ரா ஒதுக்கீடா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா? அடுக்குமாடி என்றால் மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை நம்மவர் வாங்க முடியாது. அதைச் சொல்லாமல் வீட்டைக் காட்டி அலைய வைத்தால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

வட்டாரத்தை எழுதுங்கள்

'மலேசியாவில் வீடு விற்பனைக்கு' என்று கூகுளில் தேடினால் பெரிய தளங்கள்தான் முன்னே வரும். தனி முகவர் அங்கே போட்டி போட முடியாது. ஆனால் ஒரு தாமானின் பெயரைப் போட்டுத் தேடும்போது, அந்தத் தாமானைப் பற்றி விரிவாக எழுதியவருக்கு வாய்ப்பு உண்டு.

நீங்கள் அதிகம் விற்கும் ஐந்து தாமான்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தில் உள்ள தமிழ்ப்பள்ளி எது, கோயில் எங்கே, கேடிஎம் நிலையத்திற்கு எவ்வளவு தூரம், காலையில் சாலை நெரிசல் எப்படி, அண்மையில் என்ன விலைக்கு வீடுகள் கைமாறின என்பதை எழுதுங்கள். விற்பனை விலைகளுக்கு நாப்பிக் எனப்படும் தேசியச் சொத்து தகவல் மையம் வெளியிடும் விவரங்களைப் பார்க்கலாம்.

வெள்ளம் ஏறும் இடமா என்பதையும் எழுதுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. குறையையும் சொல்லும் முகவர், நிறையைச் சொல்லும்போது நம்பப்படுவார். இதோடு, கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் வணிகப் பக்கத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வீடு வாங்கி முடித்தவர்களிடம் அங்கே இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

தமிழில் ஒரு பக்கம்

நம் முகவர்களின் அகப்பக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. மகன் ஆங்கிலத்தில் படிப்பான். ஆனால் கைப்பணத்தில் ஒரு பங்கு தரப்போகிற அப்பாவும், கையெழுத்துப் போடலாமா என்று முடிவு செய்கிற அம்மாவும் தமிழில்தான் விளங்கிக்கொள்வர். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், நீங்கள் வீட்டில் பேசி விளக்குவதுபோல் எழுதுங்கள்.

எழுத விஷயமா இல்லை? சம்பளச் சீட்டு இல்லாத லோரி ஓட்டுநரும் அங்காடிக் கடைக்காரரும் வீட்டுக் கடனுக்கு எஸ்ஜேகேபி உத்தரவாதத் திட்டத்தை நாடுவது எப்படி, சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டிற்குப் பணம் எடுப்பது எப்படி, இறந்த தந்தையின் பெயரிலேயே இருக்கும் வீட்டை விற்க முதலில் என்ன செய்ய வேண்டும் என்று தலைப்புகள் ஏராளம். கடைசியாகச் சொன்னது விற்பவர்களை உங்களிடம் கொண்டு வரும்.

வாடகை விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இந்தியர்களுக்கு இல்லை' என்ற வரியைப் படித்து மனம் நொந்தவர்கள் நாம். உங்கள் பக்கத்தில் எந்த இனத்தைப் பற்றியும் அப்படி ஒரு வரி இருக்க வேண்டாம். எத்தனை மாத முன்பணம், என்னென்ன ஆவணம் என்று மட்டும் போடுங்கள். வீட்டுக்காரரிடம் பேச வேண்டியதை நீங்கள் பேசுங்கள்.

விசாரிப்பு வந்த பிறகு

விசாரிப்புப் படிவத்தில் பெயர், கைப்பேசி எண், எந்த வட்டாரம், எவ்வளவு விலைக்குள் என்ற நான்கு கேள்விகள் போதும். அடையாள அட்டை எண்ணை இங்கே கேட்காதீர்கள். கேள்வி கூடக் கூட, பாதியில் விட்டுப் போவோரும் கூடுவர். ஒவ்வொரு வீட்டுப் பக்கத்திலும் புலனம் பொத்தான் இருக்கட்டும். அதை அழுத்தினால், எந்த வீட்டைப் பற்றி என்ற செய்தி முன்கூட்டியே எழுதப்பட்டு வருமாறு அமைக்கலாம்.

வீடு காட்டிக்கொண்டிருக்கும்போது பதில் சொல்ல முடியாதுதான். 'இன்று மாலை 6 மணிக்குள் நானே அழைக்கிறேன்' என்ற தானியங்கிப் பதிலை வையுங்கள். சொன்னபடி அழையுங்கள். பதில் வராவிட்டால் அவர் அடுத்த முகவரைத் தேடிப் போவார்.

வாங்கும் தகவலைப் பாதுகாப்பது சட்டப்படியான கடமை. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காகத் தகவல் கேட்கிறீர்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழிலும் சேர்த்தால் நல்லது. அந்த எண்களைக் கடன் கொடுப்பவர்களிடமோ வேறு முகவர்களிடமோ அனுமதியின்றிக் கொடுக்கக்கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

விற்று முடிந்த வீடுகளை இன்றே நீக்குங்கள். இல்லாத வீட்டைக் காட்டி ஆளை வரவழைக்கும் வேலை நம்பிக்கையைக் கெடுக்கும். அடுத்து ரென் எண்ணும் நிறுவனப் பெயரும். பிறகு படங்களைச் சுருக்குங்கள், செலவுக் கணக்கைப் போடுங்கள், மாதம் ஒரு வட்டாரப் பக்கம் எழுதுங்கள். இவற்றில் பலவற்றிற்குப் பணமே தேவையில்லை.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதாமாதம் நான்கு எண்களைக் குறித்து வாருங்கள்: எத்தனை பேர் விசாரித்தனர், எங்கே பார்த்து வந்தனர், எத்தனை பேர் வீட்டைப் பார்த்தனர், எத்தனை பேர் முன்பணம் கட்டினர். விசாரிப்பு வந்தும் வீடு பார்க்க வரவில்லை என்றால் நீங்கள் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். விசாரிப்பே வரவில்லை என்றால் பக்கத்தைக் கவனியுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டே எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிடும்.

வீடு வாங்க நினைக்கும் வாசகர்களும் இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ரென் எண் இல்லாத பக்கம், செலவைச் சொல்லாத முகவர், சொந்தக் கணக்கில் முன்பணம் கேட்பவர் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.