காற்புள்ளிக் கோப்பும் அட்டவணை அமைப்பும்

காற்புள்ளியிட்டுப் பிரித்த கோப்பு தன் பத்திகளின் இயல்பைக் கூறுவதில்லை. பல கணிப்பொறி நிரல்கள் முதற்சில வரிகளைக் கொண்டே அதனை உய்த்துணர்கின்றன. அவை பிழைபடும் இடங்களை ஈண்டு நோக்குவோம்.

மதுரையின் தொலைபேசிக் குறியீடு 0452. இலக்கங்களே காணப்படுதலின் எண் எனத் துணியின், முதற்சுழி மறைந்து 452 என்றாகும். மதுரைக்குரிய 625001, மேலூர்க்குரிய 625106 ஆகிய அஞ்சற் குறியீடுகளும் எண்போலத் தோன்றும் பெயர்களே. அவற்றைக் கூட்டுவார் யார்?

தமிழாய்வார்க்கு இதனினும் அணுக்கமான சான்று புறநானூறு. பாடலுக்கொரு வரியாகப் பதிந்த கோப்பின் முதல் நூறு வரிகளில் பாடற்பத்தி யாண்டும் வெறுமையன்று. அதுகொண்டு ‘வெற்றிடம் ஆகாது’ என வரையறுப்பின், பாடல் கிடைக்காத 267, 268 ஆம் வரிகள் விலக்கப்பெறும். வெற்றுத் தொடரால் நிரப்புதலும் பொருந்தாது. இழந்த பாடல் வேறு, சொல்லற்ற பாடல் வேறு. கோப்பு முழுவதும் படிப்பின் இவ்விடர் நீங்கும். ஆயினும் 625001 அப்பொழுதும் எண்ணாகவே தோன்றுமாதலின், அப்பத்தியை எழுத்துத்தொடர் என ஆய்வாளரே அறிவித்தல் வேண்டும்.