மனச்சோர்வும் வினாத்தாளும்

ஜுரத்தை அளக்கக் கருவி உண்டு. இரத்தக் கொதிப்பை அளக்கவும் உண்டு. மனச்சோர்வை அளப்பதெப்படி? துன்புறுகிறவரையே கேட்டறிவது ஒரு வழி. 1961-ல் அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக் 21 பகுதிகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். 2001-ல் குரோங்கி, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் என்னும் மூவர் ஒன்பதே கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.-9 தாளைச் சோதித்து முடிவு கூறினர். சென்ற இரண்டு வாரங்களில் ஊக்கம் குன்றியதா, உறக்கம் கெட்டதா என்று அது வினவும். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு, உச்சம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் வைத்தியர் கவனிக்க வேண்டும்.

சென்னையில் இத்தாளைச் சற்று மாற்றி, 12 கேள்விகளாக்கி, 25,455 பேரை விசாரித்து, 2009-ல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 15.1 பேரிடம் மனச்சோர்வின் குறிகள் தென்பட்டன. வருமானம் குறைந்தோரிடையே 19.3, மிகுந்தோரிடையே 5.9. ஆனால் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் பேட்டி கண்டு நடத்திய தேசிய ஆராய்ச்சியில், அச்சமயம் இந்நோயுற்றிருந்தோர் நூற்றுக்கு 2.7 பேரே. ஊரும் காலமும் வேறு என்பது உண்மை. ஆயினும் முக்கியமான வேற்றுமை யாதெனில், முன்னது குறிகளை எண்ணியது. பின்னது நோயை நிர்ணயித்தது.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேரில் 50 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். 2001 சோதனைப்படி, நோயுற்றோரில் நூற்றுக்கு 88 பேரைத் தாள் கண்டுபிடிக்கும். நோயற்றோரில் 88 பேரைச் சரியாக விலக்கும். ஆகவே 50 பேரில் 44 பேர் பிடிபடுவர். நோயற்ற 950 பேரில் 114 பேரும் கூடவே பிடிபடுவர். குற்றச்சாட்டு தீர்ப்பாகாது என்பது நியாயஸ்தல விதி. இங்கும் அதுவே விதியாக வேண்டும். அதற்காகத் தாளை எறிந்துவிடலாமா? கூடாது. அஃதின்றேல் அந்த 44 பேரும் வாய் திறவாமலே வாடுவர்.

1960-ல் ஆந்திரத்திலிருந்து நம்மோடு சேர்ந்த திருத்தணிச் சீமையைச் சார்ந்த ஆர்.கே.பேட்டையை எண்ணிப் பார்ப்போம். அங்கே கடைவீதியில் தமிழ். பல வீடுகளில் தெலுங்கு. தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களிடம் போய் "மனச்சோர்வு உண்டா?" என்றால் "உடம்பு அசதி, தூக்கமில்லை" என்றே விடை வரும். எனவே வினாக்கள் இரு பாஷைகளிலும் ஜனங்கள் பேசும் சொற்களில் அமைய வேண்டும். இங்குள்ளவரிடமே சோதிக்கப்படவும் வேண்டும். எழுத்தறியாதாருக்குப் படித்துக் காட்டுவோர் அண்டை அயலாராயின் உண்மை வெளிவராது. தனியறை வேண்டும், இரகசியம் காக்கப்பட வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி மரண எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஒருவர் "ஆம்" என்றால், தாளை மடித்து வைத்துவிட்டு நாளை வா என்பது பெரும் பாதகம். அன்றே பேசி ஆறுதல் தர ஆள் வேண்டும். 2022-ல் சர்க்கார் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவியையாவது உடனே காட்ட வேண்டும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநல சிகிச்சையைப் பிரஜைகளின் உரிமையென்றே கூறுகிறது.

கேட்பவனுக்குப் பொறுப்புண்டு. கேள்வித்தாள்களை அச்சிடுவது எளிது. விடை சொன்னவருக்கு வைத்தியரை அளிப்பதே கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றும்படி சர்க்காரை வற்புறுத்துவது நம் தொண்டர்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.