வம்பும் சான்றும்: இதமான மர்மப் புதினங்களின் ஈர்ப்பு – மிஸ் மார்ப்பிள் கதைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இதமான மர்மப் புதினம் எனப்படும் துப்பறியும் இலக்கிய வகைமை, வன்முறைக் காட்சிகளைத் தவிர்ப்பதாலேயே வாசகரைக் கவர்கிறது என்பது பொதுவான கருத்து. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதைகள் மூன்றினை எடுத்துக்கொண்டு, அவ்வீர்ப்பின் அடிப்படையை இக்கட்டுரை ஆராய்கிறது. சமூகம் 'வம்பு' என ஒதுக்கும் அன்றாட அறிவு சான்றாக உயர்வதும், அதன்வழிக் குற்றமற்றோர் ஐயத்தினின்று விடுபடுவதுமே அவ்வீர்ப்புக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புதினம், அகதா கிறிஸ்டி, மிஸ் மார்ப்பிள், அன்றாட அறிவு, ஐயம், கிராமச் சமூகம்

முன்னுரை

ஒரு சிற்றூர்; ஒருவரையொருவர் அறிந்த மாந்தர்; அவர்களிடையே நிகழும் ஒரு கொலை; காவல்துறையைச் சாராத ஒருவர் அதனைத் துலக்குதல் – இவை இதமான மர்மப் புதினத்தின் பொதுக்கூறுகள். குருதியும் சித்திரவதையும் இங்குக் காட்சியாக விரிவதில்லை. இப்பெயர் பிற்காலத்தில் வழங்கப்பட்டதாயினும், இவ்வகைமையின் முன்மாதிரியாகக் கொள்ளப்படுபவை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய ஆங்கிலத் துப்பறியும் கதைகளே. அவற்றுள் 1927இல் சிறுகதையொன்றின் வாயிலாக அறிமுகமாகிப் பன்னிரண்டு புதினங்களில் இடம்பெற்ற மிஸ் மார்ப்பிள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரில் வாழும் இம்முதிய பெண்மணி மணமாகாதவர். பின்னல் வேலையில் ஈடுபாடுடையவர்.

திறனாய்வாளரின் இருவேறு நிலைப்பாடுகள்

1944இல் வெளிவந்த கட்டுரையொன்றில் ரேமண்ட் சாண்ட்லர், ஆங்கிலேய மரபுத் துப்பறியும் கதைகள் நடப்பியலுக்குப் புறம்பானவை எனச் சாடினார். 1948இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், அக்கதைகளின் களம் ஏதேன் தோட்டத்தை ஒத்தது என்றும், கொலையால் அனைவர்மீதும் படியும் குற்றநிழல் உண்மைக் குற்றவாளி கண்டறியப்பட்டதும் அகல்கிறது என்றும் விளக்கினார். ஆடனின் விளக்கம் கதையின் தொடக்கத்தையும் முடிவையும் தெளிவுறுத்துகிறது. இடையில் அந்நிழலை அகற்றும் அறிவு எத்தகையது என்பது தனித்து ஆராயத்தக்கது.

அடுக்களை அறிவு சான்றாதல்

மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் தோன்றும் 'தி டியூஸ்டே நைட் கிளப்' என்னும் சிறுகதை இதற்குத் தக்க சான்று. அவருடைய இல்லத்தில் கூடியோர், ஆளுக்கொரு மர்மத்தை எடுத்துரைத்து விடைகாண முற்படுகின்றனர். எழுத்தாளர், ஓவியர், சமயகுரு, வழக்கறிஞர், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர் ஆகிய ஐவரையும் எண்ணுகையில் வீட்டுக்குரிய மூதாட்டி எண்ணிக்கையில் விடுபடுகிறார்.

அங்குக் கூறப்படும் வழக்கில், கணவன் எழுதிய கடிதத்தின் சில சொற்கள் மையொற்றுத்தாளில் பதிந்துள்ளன. அவற்றுள் 'நூறுகளும் ஆயிரங்களும்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரும் ஒன்று. மனைவியின் இறப்பால் கணவனுக்குப் பணம் வருவதால் பிறர் அத்தொடரைத் தொகையாகவே கொள்கின்றனர். இனிப்புப் பண்டங்களின்மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர் என்பது மிஸ் மார்ப்பிளுக்கு மட்டுமே தோன்றுகிறது. நஞ்சு கலந்த வழி அதனால் புலப்படுகிறது. இங்கு வழக்கைத் தீர்ப்பது அடுக்களைச் சொல்லறிவு. அதனை உடையவரோ எண்ணிக்கையில் விடுபட்டவர். கற்றறிந்தோர் அவையில் புறக்கணிக்கப்பட்ட அறிவு வெல்வதைக் காணும் நிறைவே வாசகர் பெறும் முதல் இன்பம் எனலாம்.

'தி பாடி இன் தி லைப்ரரி' (1942) புதினத்திலும் இப்போக்கைக் காணலாம். இறந்த பெண்ணின் கடித்த நகங்களும் பழைய ஆடையும் மிஸ் மார்ப்பிளைச் சிந்திக்க வைக்கின்றன. மனத்துக்கினியவரைக் காணச் செல்லும் இளம்பெண் பழைய உடையை உடுத்தமாட்டாள் என்பது அவர்தம் பட்டறிவு.

ஐயத்தின் நீக்கம்

அதே புதினத்தில் பிணம் கிடப்பது கர்னல் பாண்ட்ரியின் நூலகத்தில். அவர் குற்றமற்றவர், எனினும் ஊரார் அவரை மெல்ல ஒதுக்கத் தொடங்குகின்றனர். உண்மை வெளிவராவிடில் அப்புறக்கணிப்பே அவரை நலியச் செய்யும். எனவே இங்குப் புலனாய்வின் பயன், தண்டனை பெற்றுத் தருவதோடு நில்லாமல், ஒருவர்தம் அண்டை வீட்டாரிடையே மீண்டும் தலைநிமிர்ந்து வாழ்வதற்கான வழியாகவும் விரிகிறது. வம்பு ஒருவரை அழிக்கவும் வல்லது. கூர்ந்து ஆராயப்பட்டால் காக்கவும் வல்லது. ஊராரிடமிருந்து மிஸ் மார்ப்பிளை வேறுபடுத்துவது, கேட்டதைச் சரிபார்க்கும் ஒழுக்கமே. மனிதர் அனைவரும் நல்லவர் என அவர் நம்புவதில்லை. தீமை சிற்றூரிலும் உண்டு என்பதே அவர் கொள்கை. ஆகவே இவ்வகைமை தரும் இதம் வெகுளித்தனத்தில் பிறந்ததன்று.

வகைமையின் எல்லைகள்

'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' (1950) இவ்வறிவின் எல்லையை வெளிப்படையாகவே முன்வைக்கிறது. போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலத்தில், புதிதாகக் குடியேறியோர் தம்மைப்பற்றிக் கூறுவதையே ஊர் நம்பவேண்டியுள்ளது. பொய்யான அடையாளங்கள் அங்கு வேரூன்றுகின்றன. அண்டை வீட்டாரை அறிவோம் என்னும் அடித்தளமே ஆட்டங்காண்கிறது.

மற்றோர் எல்லையும் உண்டு. மிஸ் மார்ப்பிள் புதினங்களுள் பெரும்பாலானவை எழுதப்பட்ட காலத்தில் பிரித்தானியாவில் கொலைக்குத் தூக்குத்தண்டனை வழக்கில் இருந்தது. எனினும் கதை பெரும்பாலும் குற்றவாளி வெளிப்படும் இடத்தோடு நிறைவுறுகிறது. தூக்குமேடை வாசகர் பார்வைக்கு வருவதில்லை. இதத்திற்காகச் செலுத்தப்படும் விலை இதுவெனலாம்.

முடிவுரை

இதமான மர்மப் புதினத்தின் ஈர்ப்பைத் தப்பித்தல் மனப்பான்மை என்று மட்டும் வரையறுப்பது போதாது. அதிகாரமோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஒருவர், தாம் வாழ்ந்து பெற்ற அறிவைக் கொண்டே உண்மையை நிலைநாட்ட இயலும் என்னும் உறுதியை இவ்வகைமை வழங்குகிறது. எவருடைய அறிவு சான்றாக ஏற்கப்படுகிறது, எவருடையது வம்பு எனத் தள்ளப்படுகிறது என்னும் வினா, இப்புதினங்களைப் பொழுதுபோக்கு என்னும் நிலைக்கு அப்பாலும் ஆய்வுக்குரியனவாக்குகிறது.