ஈன்ற முயலும் அதன் குருளைகளும்

தொல்காப்பியனார் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயரை வகுத்துள்ளார். குட்டி, பறழ் என வழங்குதலையும் அவர் விலக்கவில்லை. இப்பகுதியை வகுப்பிற் பாடங்கேட்ட நாளில், எம் வீட்டுக் கூண்டிற் பிறந்து மூன்றாம் நாளே மடிந்த ஐந்து குருளைகள் என் நினைவிற்கு வந்தன. அவற்றைக் கொன்றது நோயன்று, எம் அறியாமையே. அவ்வறியாமை வேறு இல்லங்களிலும் இருத்தல் கூடுமாதலின், யாம் பட்டறிந்ததையும் பின்னர்க் கற்றறிந்ததையும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எம்மூராகிய கல்லாவி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டத்தைச் சார்ந்தது. வானம் பார்த்த புன்செய்யும், மாவும் புளியும் நிற்கும் மேட்டு நிலமும் உடையது. ஓசூரில் ஆலைத்தொழில் புரியும் என் தாய்மாமன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு வெண்முயல்களைக் கூடையிற் கொணர்ந்து என் தங்கைக்குக் கொடுத்துச் சென்றார். முயலென்றால் எமக்குப் புதியதன்று. அந்திப்பொழுதிற் கொல்லை மேட்டில் ஓடும் முயலை யாவரும் கண்டவரே. எம் பிழை அங்கேதான் தொடங்கிற்று.

கொல்லையில் ஓடும் முயல் வேறு. கூண்டில் வளரும் முயல் வேறு. நம் புலவர் பாடிய குறுமுயலும், வள்ளுவனார் படைச்செருக்கிற் சுட்டிய முயலும் முன்னையதே. அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே சிறு பள்ளத்திற் கிடந்து ஈனும். அதன் குருளைகள் மயிர் போர்த்து, கண் திறந்து, பிறந்த சிறிது நேரத்திலேயே நகர வல்லனவாய்ப் பிறக்கும். (1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை வேட்டையாடுதலைத் தடுத்திருக்கின்றது.) கூண்டு முயலோ ஐரோப்பாவில் ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளிற் குழி தோண்டி வாழும் இனத்தின் வழிவந்தது. உலகிலுள்ள வளர்ப்பு முயல் வகைகள் யாவும் அவ்வொன்றிலிருந்தே கிளைத்தன. அதன் குருளைகள் மயிரின்றி, கண்மூடி, செவி அடைத்துச் செந்நிறத் தசைத்துண்டு போற் பிறக்கின்றன. தம் உடற்சூட்டைத் தாமே காக்கும் ஆற்றலும் அவற்றிற்கு முதல் வாரத்தில் இல்லை. தமிழ் வேதாகமத்திற் குழிமுசல் என்றொரு சொல் வருகின்றது. பெயரைக் கண்டு அஃது இவ்வினமே என யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். எபிரேய மூலத்திற் சாப்பான் எனப்படும் அவ்வுயிர் பாறை இடுக்கில் வாழும் வேறொரு விலங்கென்பர் அறிஞர். பெயரொற்றுமை மயக்கும் மயக்கம் எமக்கு மட்டும் நேர்ந்ததன்று.

முதல் ஈற்றில் நேர்ந்தது இது. ஒருநாள் விடியலிற் கூண்டின் கம்பித்தளத்தில் ஐந்து குருளைகள் கிடந்தன. தாய் ஒரு மூலையில் இருந்து புல் மென்று கொண்டிருந்தது. அன்று பகல் முழுவதும் அது அவற்றை அணுகவில்லை. நாய்போல் அணைத்துக் கிடக்கவுமில்லை. என் பாட்டி மனம் பொறாது, "பெத்தவளே எட்டிப் பாக்கலையே சாமி, நாமதான் பால் ஊத்தணும்" என்றார். யாங்கள் குருளைகளை எடுத்துத் துணியிற் கிடத்தி, பசும்பாலைப் பஞ்சில் நனைத்து மல்லாக்கப் பிடித்துப் புகட்டினோம். இரண்டு அன்றிரவே மூச்சுத் திணறி இறந்தன. எஞ்சியவை மூன்றாம் நாள் குளிர்ந்து கிடந்தன. தங்கை இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. தாய்முயலை நெஞ்சிரக்கமற்றதென்று வீட்டார் யாவரும் பழித்தோம்.

உண்மையில் தாய் குற்றமற்றது. முயல் தன் குருளைகளுக்கு நாளொன்றுக்கு ஒருமுறை, அரிதாக இருமுறை, அதுவும் மூன்று நான்கு நிமிடமே பாலூட்டும். பெரும்பாலும் இரவிலோ வைகறையிலோ இது நிகழ்தலின் நம் கண்ணிற் படுவதில்லை. இவ்வியல்பை ஆராய்ந்தோர் 1965-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டுள்ளனர். காட்டில் வாழும் தாய் குழிவாயிலை மண்ணால் மூடிவிட்டு அகன்றிருக்கும். பாலூட்டும் பொழுதில் மட்டும் திறந்து புகும். அடிக்கடி சென்றால் தன் மணத்தைப் பின்பற்றிப் பகைவிலங்கு குழியைக் கண்டுகொள்ளும். ஆதலின் அகன்றிருத்தலே அதன் காவல். அச்சில நிமிடத்துள் கண்ணில்லாக் குருளை காம்பைக் கண்டடைவது எங்ஙனம் எனின், மணத்தால். தாயின் பாலில் அமைந்த ஒரு மணப்பொருளே குருளையை ஈர்க்கின்றதென்று பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் 2003-ஆம் ஆண்டிற் காட்டினர்.

ஒருவேளைப் பால் எங்ஙனம் போதும் என ஐயுறுவார்க்கு அப்பாலின் செறிவே விடை. பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்களவே கொழுப்பு. முயற்பாலிற் பன்னிரண்டு பங்கிற்குக் குறையாது. புரதமும் மும்மடங்கிற்கு மேல். பிறக்கையில் ஐம்பது கிராம் அளவே உள்ள குருளை ஒரு வாரத்தில் இருமடங்காவது இதனாலேயே. யாங்கள் புகட்டிய பசும்பால் அதற்கு நீரோடு ஒக்கும். மல்லாக்கப் பிடித்ததனால் அந்நீரும் மூச்சுக்குழலிற் புகுந்தது.

குருளை பசித்திருக்கின்றதா என்பதைத் தாயைப் பார்த்து அறிதல் இயலாது. குருளையின் வயிற்றைப் பார்த்து அறிதல் வேண்டும். காலையில் ஒருமுறை பார்த்தால் போதும். பாலுண்டதன் வயிறு உருண்டு திரண்டிருக்கும். மெல்லிய தோலினூடே வெண்பால் தெரியும். உண்ணாததன் தோல் சுருங்கி, வயிறு ஒட்டியிருக்கும். தொட்டால் துள்ளிக் கத்தும். மனிதக்கை பட்டால் தாய் வெறுத்துவிடும் என்பது ஊரில் வழங்கும் பேச்சு. நம்மோடு பழகிய முயல் அங்ஙனம் வெறுப்பதில்லை. கைகழுவி, தாயின் மயிரைச் சிறிது உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு தொடுதல் நலம். இறந்த குருளை இருப்பின் அன்றே அகற்றிவிடல் வேண்டும்.

இனி, ஈனுமுன் செய்யத்தக்கன. சினைக்காலம் முப்பது நாள் முதல் முப்பத்திரண்டு நாள் வரை. இணை சேர்ந்த நாளைச் சுவரிலேனும் எழுதி வைத்தல் வேண்டும். யாங்கள் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டிருந்தமையால் நாளும் தெரியவில்லை, பெட்டியும் வைக்கவில்லை. இருபத்தேழாம் நாளளவில் ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள மரப்பெட்டியொன்றைக் கூண்டினுள் வைக்க வேண்டும். தாய் புகுதற்கு ஒருபுறம் தாழ்ந்திருக்கலாம்; குருளை உருண்டு வெளிப்படாதபடி அத்தாழ்ந்த புறமும் அரையடி உயரமேனும் இருத்தல் நலம். உள்ளே உலர்ந்த வைக்கோலோ கேழ்வரகுத் தாளோ பரப்பினால், ஈனும் நாள் நெருங்கத் தாய் தன் மார்பு மயிரைத் தானே பறித்து அதன்மேல் மெத்தையிடும். அம்மயிர் பறிப்பைக் கண்டு நோயென அஞ்சுவாருமுளர். ஆண்முயலை வேறு கூண்டிற்கு மாற்றிவிட வேண்டும். ஈன்ற அன்றே மீண்டும் கருவுறும் இயல்பு பெண்ணுக்கு உண்டு.

தண்ணீரைப் பற்றிச் சற்று வற்புறுத்திச் சொல்வேன். பாலூட்டும் தாய் கோடையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவும் குடிக்கும். தாகமும் அச்சமும் மிக்க தாய் தன் குருளையையே தின்பதுமுண்டு. அதனைக் கொடுமையென்று பழித்தலினும் தண்ணீர்க் கலத்தை நோக்குதல் தகும். உணவிற்கு வேலிமசால், அகத்தி, நிலக்கடலைக் கொடி முதலியவற்றோடு சிறிது தானியக் கலவையும் ஏற்கும். பனியில் நனைந்த தழையை உலர்த்தியே இட வேண்டும். திடீரென உணவை மாற்றினாற் கழிச்சல் உண்டாகும்.

நம் மாநிலத்தில் முயலாராய்ச்சி நடைபெறும் இடங்களாகிய நீலகிரியின் சாண்டிநல்லாவும், கொடைக்கானல் மலையின் மன்னவனூரும் குளிர்நிலங்கள். ஆங்குக் குளிரே பகை. எம்மூரில் இரவுக்குளிரினும் சித்திரை வெயிலே பெரும்பகை. முயலுக்கு வியர்வையில்லை, செவிகளின் வழியே சூட்டைப் போக்குகின்றது. ஆதலின் யாங்கள் கூண்டைப் புளியமரத்து நிழலில் நிறுத்தி, மேலே நனைத்த கோணிப்பை இட்டோம். எறும்பு ஏறாதபடி கூண்டின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினோம். செவ்வெறும்பு ஓரிரவிற் குருளைகளைக் கொன்றுவிடும்.

இரண்டாம் ஈற்றில் ஏழு பிறந்தன. ஆறு பெட்டியுள் மயிரிடையே மறைந்திருந்தன. ஒன்று மட்டும், பாலருந்துகையிற் காம்பைப் பற்றியவாறே தாயோடு வெளிவந்து வீழ்ந்தது போலும், கம்பித்தளத்தில் ஐஸ்போற் குளிர்ந்து கிடந்தது. முயல் பூனையைப்போல் வீழ்ந்த குட்டியைக் கவ்வி மீட்பதில்லை. இறந்ததென்றே எடுத்தெறிய நினைத்தேன். தங்கை அதனை வாங்கித் துணியிற் சுற்றித் தன் வயிற்றோடு அணைத்து அரைமணி நேரம் அசையாதிருந்தாள். பின்பு ஒரு கால் அசைந்தது. குளிர்ந்த குருளைக்குப் பால் புகட்டலாகாது, முதலிற் சூடேற்றலே கடன் என்பதை இதற்குள் கற்றிருந்தோம். சூடேறியதும் ஏனையவற்றின் நடுவே வைத்தோம். மறுநாட் காலையில் அதன் வயிற்றிலும் வெண்மை தெரிந்தது.

பத்தாம் நாள் தொடங்கிக் கண்கள் திறந்தன. ஒன்றற்கு இமை ஒட்டியிருந்தமையால் கொதித்தாறிய நீரிற் பஞ்சை நனைத்துத் துடைத்தோம். தாயின் முலையொன்று சிவந்து கனத்துச் சூடாயிருக்கக் கண்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம்; காலத்தாற் சென்றமையின் எளிதில் தீர்ந்தது. மூன்றாம் வாரத்திற் குருளைகள் பெட்டியினின்று தாவித் தழை கொறிக்கலாயின. ஆறாம் வாரத்திற் பால் மறக்கச் செய்து பிரித்தோம்.

இப்பொழுது என் பாட்டி விடியலில் எழுந்ததும் கூண்டருகே சென்று, தாயைப் பாராமலே பெட்டியுட் கைவிட்டுக் குருளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போகின்றார்.