வேற்று ஆணின் வாடையும் கலையும் கருவும்

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்புகளில் கேஸ் அடுப்புக்குப் பின்னால் ஓடும் சுண்டெலியை யாரும் ஆராய்வதில்லை; துடைப்பத்தைத்தான் தேடுவார்கள். அதன் மூத்திர வாடைக்கு இன்னொரு எலியின் கர்ப்பத்தையே கலைக்கும் வலு உண்டு. 1959இல் லண்டனில் ஹில்டா புரூஸ் இதைக் கண்டார். அப்போதுதான் இணைசேர்ந்த பெண் சுண்டெலிகளின் அருகே வேற்று ஆணை வைத்தால் பலவற்றுக்குக் கரு தங்குவதில்லை. சில நாளில் மறுபடி இணைசேரத் தயாராகிவிடுகின்றன. பழகிய ஆண் என்றால் ஒன்றும் ஆவதில்லை.

வாடை நேராகக் கருப்பையைத் தாக்குகிறதா என்றால், இல்லை. பெண்ணின் மூளையில் வாடையை உணரும் முகர்குமிழை அகற்றிவிட்டால் கரு தப்பிவிடுகிறது. ஆக, நரம்புதான் வழி. மூக்கின் அடியிலுள்ள வோமரோநேசல் உறுப்பு வாடையைப் பிடிக்க, செய்தி துணை முகர்குமிழ், அமிக்டலா வழியாக ஹைப்போதலாமஸை அடைகிறது. அங்கே சுரக்கும் டோபமைன், பிட்யூட்டரியின் புரோலாக்டினை அடக்குகிறது. புரோலாக்டின் என்றால் தாய்ப்பால்தான் நம் நினைவுக்கு வரும். சுண்டெலியிலோ, சூலகம் புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருக்கவும் அது வேண்டும். அது குறைந்தால் கரு கருப்பையில் ஒட்டாது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி நம்மூர் வேர் ஒன்றைப் பற்றியது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக விலங்கியலாளர் சி.ஜே. டொமினிக், ரெசர்பின் கொடுத்த சுண்டெலிகளுக்கு வேற்று ஆணின் வாடையால் கரு கலைவதில்லை என்று 1966இல் காட்டினார். சர்ப்பகந்தி வேரிலிருந்து வரும் மருந்து அது. அந்த வேர் ரத்தக்கொதிப்பைத் தணிப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949இல் உலகுக்குச் சொல்லியிருந்தார். ரெசர்பின் நரம்பு முனைகளில் டோபமைன் இருப்பைக் காலிசெய்கிறது. அடக்க ஆளில்லாததால் புரோலாக்டின் குறைவதில்லை. வாடை உள்ளே போனாலும் செய்தி பிட்யூட்டரி வரை போய்ச் சேர்வதில்லை.

மனிதரில் வோமரோநேசல் உறுப்பு வேலைசெய்வதாகச் சான்று இல்லை. அதனால், வாடையாலேயே ஈர்ப்பதாகச் சொல்லும் ‘பெரோமோன் சென்ட்’ வாங்குவது வீண் செலவு.

எலிகளைப் பிடிப்பதற்கோ இந்த அறிவு பயன்படும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ஜி. அர்ச்சுனன் குழு, எலியின் வாசனைச் சுரப்பியிலுள்ள ஃபார்னிசால் போன்ற பொருட்களை ஆராய்ந்தது. பொறிக்கு எலியை இழுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வாசனை சீக்கிரம் ஆவியாகிவிடுமே என்ற சிக்கலுக்கு எலியின் உடலே வழி வைத்திருக்கிறது: ஆல்ஃபா-2யூ குளோபுலின் என்ற புரதம் வாசனை மூலக்கூறுகளைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுகிறது.