கப்பல் நின்றால் யார் பொறுப்பு? அந்தமான் குடிலில் தங்கப் போகிறவர்களுக்கு

ஹேவ்லாக் தீவின் விஜய்நகர் கடற்கரையில், பாக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே மூங்கில் தட்டிச் சுவரும் ஓலைக் கூரையுமாகக் குடில்கள் நிற்கின்றன. 2018 டிசம்பரில் இந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும், பக்கத்து நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம். ஆனாலும் பயணிகள் வாயில் பழைய பெயர்கள்தான் வருகின்றன. இந்தக் குடில்கள் எல்லாமே பெரிய கம்பெனிகளின் சொத்து அல்ல. 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்திக் குடியேறிய குடும்பங்களின் வாரிசுகள் பலர், தோப்பின் ஒரு மூலையில் நான்கைந்து குடில் போட்டு விருந்தினரை ஏற்கிறார்கள். மீன் குழம்பும் சோறும் பல இடங்களில் அந்த வீட்டு அடுப்பிலிருந்தே வரும்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம், பிறகு ஃபெர்ரியில் இன்னொரு இரண்டு மணி நேரம். இந்தக் கடல் தூரம்தான் விஷயமே. ஊட்டியில் அறை பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். தீவில், அதுவும் டிசம்பர் சீசனில், அடுத்த குடிலும் நிரம்பியிருக்கும். மாலையில் போய்ச் சேர்ந்தால் திரும்பிப் போகக் கப்பல் மறுநாள்தான். தீவில் தங்குகிறவரின் உரிமைகளில் பாதி, கப்பல் ஏறுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டியவை.

முதலில், காசு கொடுத்து வாங்குவது எதை என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூங்கில் குடிலின் தட்டிச் சுவரில் இடுக்கு இருக்கும். காற்று வரும், பல்லி வரும், மழைக்காலத்தில் பூரானும் வரும். அந்தமான் பூரான் பெரியது. ஈரத் துண்டுக்குள்ளும் கழற்றிப் போட்ட செருப்புக்கடியிலும் சுருண்டு கிடக்கும். கடித்தால் இரவெல்லாம் வலி. மாலையில் மணலில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாத மணல் ஈக்கள் காலைப் பதம் பார்த்துவிடும். அரிப்பு அடங்க நாள் கணக்காகும். விஜய்நகர்ப் பக்கம் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் செத்த பவளமுமாகத் தரை தெரியும். இவை எதுவும் குடில்காரரின் குற்றம் அல்ல. ஆனால் கிழியாத கொசுவலை, உள்ளிருந்து இறுக்கமாக விழும் தாழ்ப்பாள், சுத்தமான படுக்கை, தண்ணீர் வரும் குழாய் ஆகியவை வாடகைக்குள் அடங்கியவை. விளம்பரத்தில் ‘வாசலிலேயே நீந்தலாம்’ என்று எழுதியிருந்தால் அதற்கும் அவரே பொறுப்பு.

ஆகவே அட்வான்ஸ் அனுப்பும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, எத்தனை மணி வரை? குளியலறை குடிலோடு சேர்ந்ததா, தனியே வெளியிலா? படகுத்துறையிலிருந்து எவ்வளவு தூரம்? சுற்றுலாத் துறையில் பதிவு செய்த இடமா? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் அங்கீகாரம் பெற வேண்டுமானால், உரிமையாளர் குடும்பம் அதே இடத்தில் குடியிருக்க வேண்டும். வாடகை அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. ‘ஹோம்ஸ்டே’ என்று பலகை மாட்டிவிட்டு வீட்டுக்காரரே இல்லாத இருபது அறைகள் இருந்தால், பலகைக்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம். தொலைபேசியில் பேசி முடித்தாலும், பேசியதை நாலு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கி வைப்பது நல்லது. பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த ‘சரி’தான் சாட்சி.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் ‘சேவை’ என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு விருந்தினரை ஏற்கும், நான்கு குடில் மட்டுமே வைத்திருப்பவருக்கும் நட்சத்திர ஓட்டலுக்கும் இதில் வேறுபாடு கிடையாது. உறுதி செய்த அறையைப் போய்ச் சேர்ந்ததும் இல்லை என்பது சேவைக் குறைபாடு. வேறு இடத்தின் படத்தைப் போட்டு ஆளை வரவழைப்பது தவறான விளம்பரம். இணையத்தில் ‘இன்னும் ஒரே அறைதான்’ என்று பொய்யாகப் பயமுறுத்துவது, முதலில் ஒரு விலை காட்டிக் கடைசிப் பக்கத்தில் வேறு விலை சேர்ப்பது போன்ற 13 தந்திரங்களை 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன.

இதெல்லாம் வழக்கமான தகராறுகள். தீவில் உண்மையான பண இழப்பு வேறு திசையிலிருந்து வருகிறது.

2016 டிசம்பர் முதல் வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று அந்தமானை ஒட்டி வலுத்தது. பலத்த காற்று, விடாத மழை. ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் எல்லாக் கப்பல்களும் நின்றன. சுற்றுலாப் பயணிகள் இரு தீவுகளிலும் சிக்கிக்கொண்டார்கள். கடல் கொந்தளித்ததால் மீட்கப் போன கடற்படைக் கப்பல்களும் உடனே கரையை நெருங்க முடியாமல் காத்து நின்றன. காற்று தணிந்த பிறகு, கடற்படையும் கடலோரக் காவல் படையும் விமானப் படையும் சேர்ந்து மீட்டவர்கள் 2,000க்கும் மேல். அதே தாழ்வுதான் வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னை மரங்களைச் சாய்த்தது.

அப்படி ஒரு நாளில் கணக்கு எப்படிப் போகும்? தீவுக்குள் சிக்கியவர் கூடுதல் இரவுகள் தங்க வேண்டும். அதற்கான நியாயமான வாடகையை அவர்தான் தர வேண்டும். தீவுக்கு வர முடியாமல் போர்ட் பிளேரில் நிற்பவரின் நிலை இன்னும் சிக்கல். குடில் தயாராக இருக்கிறது, குடில்காரர் மேல் தவறில்லை, விருந்தினர் மேலும் தவறில்லை. இங்கே தீர்மானிப்பது முன்பதிவின்போது ஒப்புக்கொண்ட ரத்து விதிதான். ‘எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பாது’ என்ற வரியில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்துவிட்டு, பிறகு புயலைக் காட்டிப் பணம் கேட்பது கடினம். அதே சமயம், அந்த ஒற்றை வரி குடில்காரருக்கு முழுக் கவசமும் அல்ல. ஒரு தரப்புக்கு மட்டுமே சாதகமான, அளவுக்கு மீறிய அபராதம் விதிக்கும் விதிகளை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று சட்டம் வரையறுக்கிறது; அதை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி உண்டு.

வழக்குக்குப் போவதைவிட ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வாங்குவது எளிது: ‘வானிலையால் கப்பல் ரத்தானால், கட்டிய பணத்தை வேறு தேதிக்கு மாற்றித் தருவோம்.’ சிறிய குடில்காரர்களில் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். அவர்களுக்கும் நல்ல பெயர் வேண்டும். கப்பல் ரத்தான அறிவிப்பையோ, டிக்கெட் பணம் திரும்பிய குறுஞ்செய்தியையோ சேமித்து வைத்தால், வர முடியாத காரணத்துக்கு அதுவே அத்தாட்சி.

ஃபெர்ரி நின்று, அதனால் போர்ட் பிளேரில் விமானத்தைத் தவறவிட்டால், விமான நிறுவனம் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டதல்ல. விமானம் பறந்துவிட்டது; வராதவர் பயணிதான். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில் கழிக்கும்படி திட்டம் போடுவது அவசியம். காலையில் ஹேவ்லாக், மதியம் சென்னை விமானம் என்று இறுக்கிப் பிடித்துத் திட்டம் போட்டுத் தரும் ஏஜென்ட்டை நம்பவே கூடாது. பயணக் காப்பீடு எடுப்பவர்கள், வானிலையால் பயணம் தடைபட்டால் ஈடு உண்டா என்ற பகுதியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டட்டும்.

பணம் போனால் சம்பாதிக்கலாம், உயிர் அப்படியல்ல. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து கூட்டாகப் போயிருந்தவர்கள் அந்தப் படகில் பெரும்பகுதி. 25 பேருக்கான படகில் ஏறத்தாழ இரு மடங்குக் கூட்டம் ஏற்றப்பட்டிருந்தது. குடில்காரரோ ஏஜென்ட்டோ ஏற்பாடு செய்யும் எந்தப் படகிலும், எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்கவும், தலையை எண்ணவும், உயிர்காப்பு அங்கி மாட்டாமல் ஏற மறுக்கவும் பயணிக்கு முழு உரிமை உண்டு. ‘பத்து நிமிஷம்தான் சார், அங்கியெல்லாம் எதுக்கு’ என்று படகோட்டி சிரித்தால், அந்தப் படகு வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. மற்ற எல்லா அவசரத்துக்கும் 112.

ராதாநகர் கடற்கரையின் அழகைப் பற்றிப் பேசாத விளம்பரம் இல்லை. அதன் ஓரத்து உப்பங்கழிப் பக்கம் 2010 ஏப்ரலில் ஸ்நார்க்கல் முகமூடி மாட்டி நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை உவர்நீர் முதலை கொன்றது. சதுப்பு நிலக் காடும் ஓடை முகத்துவாரமும் உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல. டிசம்பரில் அந்தமானில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்; தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறரை வரை நீந்தலாம் என்று நினைத்துக் கடலில் இறங்குவது தவறு. தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய சிகிச்சை என்றால் கடல் தாண்டிப் போர்ட் பிளேர்தான். எலி, ஆடுமாடுகளின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் அந்தமானில் நெடுங்காலமாக உண்டு. காலில் புண் இருந்தால் மழைநீர் தேங்கிய தோப்புப் பாதையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், அந்தமான் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அழைத்துப் போகிறவர்கள் சொல்லத் தவறும் இரண்டு சட்டங்கள் உண்டு. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது; பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, விமான நிலையத்தில் பையைப் பார்ப்பார்கள். ஜாரவாப் பழங்குடியினரைக் காட்டுகிறேன் என்று யார் அழைத்தாலும் மறுக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி அவர்கள் பகுதிக்குள் நுழைவதும் படமெடுப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். அவர்களும் மனிதர்கள், காட்சிப் பொருள்கள் அல்லர் என்பது சட்டத்துக்கும் முந்திய நியாயம்.

‘உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகை எல்லாக் குடிலிலும் தொங்கும். பலகை மாட்டியதாலேயே பொறுப்பு கழன்றுவிடாது. டெல்லியில் ஒரு பெரிய ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட கார் 1998இல் திருடு போனது. ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை ஓட்டல் காட்டியது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வரியால் உதறிவிட முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகன வழக்குதான், ஆனாலும் ஓட்டைத் தாழ்ப்பாளைச் சரிசெய்யாமல் பலகையைக் காட்டும் குடில்காரரிடம் இதைச் சொல்லலாம். அதற்காகத் தங்க நகையை மூங்கில் தட்டியை நம்பி விட்டுவிட்டுக் கடலுக்குப் போகச் சொல்லவில்லை.

அடையாளத்துக்கு ஆதார்தான் வேண்டும் என்று குடில்காரர் பிடிவாதம் பிடித்தால், வாக்காளர் அட்டையையோ ஓட்டுநர் உரிமத்தையோ நீட்டலாம். ஆதாரே கொடுப்பதானால் எண் மறைத்த பிரதி போதும். திருமணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று, கோயம்புத்தூர் விடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில் 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தரங்கமாக இருக்கும் பெண்ணைத் தட்டிச் சுவர் இடுக்கில் யாராவது எட்டிப் பார்த்தாலோ கேமரா வைத்துப் படமெடுத்தாலோ அது பாரதிய நியாய சங்கிதையின் 77ஆம் பிரிவில் வரும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. குடில்காரரிடம் சண்டை போட்டு முடித்துக்கொள்ளாமல் போலீசுக்குப் போக வேண்டிய விஷயம் இது.

கிளம்பும்போது பில் கேட்டு வாங்க வேண்டும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். பதிவு எண் இல்லாத துண்டுச் சீட்டில் ஜிஎஸ்டி என்று எழுதி வசூலித்தால் கொடுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுப் பில்லில் சேவைக் கட்டணம் கட்டாயமில்லை.

குறை இருந்தால் அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். மூன்று நாள் வாய் திறக்காமல் தங்கிவிட்டு ஊர் வந்து புகார் எழுதினால் எந்த ஆணையமும் ‘ஏன் அன்றைக்கே சொல்லவில்லை’ என்றுதான் கேட்கும். ஒழுகும் கூரையைத் தேதி தெரியப் படமெடுத்து, மாற்றுக் குடில் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதினால், நல்ல குடில்காரர் பெரும்பாலும் அன்றே ஒரு வழி செய்துவிடுவார். செய்யாவிட்டால், இணையத் தளம் வழியாகப் பதிவு செய்தவர்கள் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் விதிப்படி கடமைப்பட்டவர். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலித் தளத்தில் பணத்தை இழந்தவர்கள் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏமாந்தது ஹேவ்லாக்கில் என்பதற்காக வழக்குக்கு அந்தமான் போக வேண்டியதில்லை. மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம், இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, காணொளி விசாரணை கேட்கலாம். சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். முன்பதிவுச் சீட்டு, பணம் அனுப்பிய பதிவு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், பில் எல்லாவற்றையும் இணைத்து, திரும்பக் கேட்கும் தொகை எவ்வளவு, மன உளைச்சலுக்கு எவ்வளவு, வழக்குச் செலவுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.