சூரியன் வாயுவா? பாட்டில் தப்பு, பாட்டாலேயே திருத்தம்!

பாட்டில் தப்பு இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? "அட, பாட்டுத்தானே!" என்று விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் ஒரு இசைக்குழு அப்படி விடவில்லை. பதில் பாட்டே போட்டுவிட்டது!

1959-ம் ஆண்டு அங்கே குழந்தைகளுக்கான விஞ்ஞானப் பாட்டு இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. அதில் "சூரியன் ஏன் பிரகாசிக்கிறது?" என்று ஒரு பாட்டு. ஹை ஜாரெட் எழுதினார். லூ சிங்கர் இசை அமைத்தார். டாம் கிளேசர் பாடினார்.

ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதால்தான் சூரியனுக்கு இந்தச் சூடும் வெளிச்சமும் என்றது பாட்டு. அது சரி. சூரியன் வெறும் வாயு என்றும் சொன்னது. அங்கேதான் தப்பு!

நியூயார்க்கைச் சேர்ந்த "தே மைட் பி ஜயன்ட்ஸ்" குழு 1993-ல் இதே பாட்டைப் பாடி வெளியிட்டது. 2009-ல் விஞ்ஞானப் பாட்டுத் தொகுப்பு கொண்டுவந்தபோது பழைய பாட்டையும் சேர்த்தார்கள். அதற்கு அடுத்த பாட்டிலேயே, "சூரியன் வாயு இல்லை, பிளாஸ்மா" என்று திருத்தமும் சொன்னார்கள்.

டியூப்லைட்

அதென்ன பிளாஸ்மா? கடும் சூட்டிலோ, மின்சாரம் பாயும்போதோ வாயுவின் அணுக்களை விட்டு எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும். அந்த நிலைதான் பிளாஸ்மா. மின்னல் வெட்டும் பாதையில் இருப்பது அதுதான். பழைய டியூப்லைட் எரியும்போது உள்ளே இருப்பதும் அதுதான்.

"எதுவா இருந்தா நமக்கென்ன?" என்று கேட்கலாம். பிளாஸ்மா காந்த சக்தியோடு பின்னிக் கிடக்கும். அதனால்தான் சூரியனில் புயல் கிளம்புகிறது. 1989 மார்ச்சில் அப்படி ஒரு புயல் பூமியைத் தாக்கியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 9 மணி நேரம் கரண்ட் இல்லை!

61 லட்சம் கிலோமீட்டர்

சூரியனை நெருங்கிப் பார்க்க 2018-ல் "பார்க்கர்" விண்கலத்தை "நாசா" அனுப்பியது. 2024 டிசம்பர் 24-ந் தேதி அது சூரியனின் மேற்பரப்பில் இருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தூரம் வரை போய்வந்தது. அதற்கு முன் எந்த விண்கலமும் அவ்வளவு பக்கத்தில் போனதில்லை.

யார் இந்த பார்க்கர்? சூரியனில் இருந்து பிளாஸ்மா காற்றாக வீசுகிறது என்று 1958-லேயே கணக்குப் போட்டுச் சொன்ன விஞ்ஞானி யூஜின் பார்க்கர். அப்போது பலர் நம்பவில்லை. 1962-ல் "மாரினர்-2" விண்கலம் அதை உறுதி செய்தது.

அதாவது, பாட்டு வருவதற்கு முந்தின வருஷமே விஷயம் வெளியாகிவிட்டது. பாட்டுக்கு வந்து சேரத்தான் 51 வருஷம் ஆயிற்று!

அந்தக் குழு பழைய பாட்டை ஒளிக்கவில்லை. தப்பும் திருத்தமும் இன்றும் ஒரே தொகுப்பில், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன.